பச்சைப் புள்ளி போட்ட பெட்டி

எருமப்பட்டி
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நவநீதகிருஷ்ணன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் பொன்னாயியும் சுகம். இருபதாயிரம் கோழிகளும் சுகம். உங்கள் மூட்டுவலியும் மச்சானின் சர்க்கரையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுங்கள்.

இத்துடன் வரும் எவர்சில்வர் டப்பாவில் கறுப்பாக இருப்பது பிரவுனி. கேக்குக்குப் பங்காளி முறை. செய்தது நான். இதை வெளியில் சொல்ல வேண்டாம்.

தமிழினி புனேவுக்கு வேலைக்குப் போனபோது ஓவனை இங்கேயே விட்டுவிட்டாள். அதன்மேல் மூன்று பெட்டி பிரவுனி மாவும் இருந்தது. பெட்டியில் போட்ட தேதி அடுத்த மாதம் முடிகிறது. தீவன மூட்டையையே தேதி தாண்ட விடாதவன், மகள் வாங்கிய மாவை விடுவேனா? மூட்டைச் சீட்டைப் படிக்கிற பழக்கத்தில் மூன்று பெட்டிகளின் முதுகையும் படித்தேன். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. முட்டையையும் எண்ணெயையும் நாமே சேர்க்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர் விட்டால் கோப்பையிலேயே ஒரு நிமிடத்தில் வெந்துவிடும் என்கிறது. ஒரு நிமிடத்தில் வேகும் எதையும் நான் நம்புவதில்லை. மூன்றாவது மாதுளை மார்க். பச்சைப் புள்ளி, பக்கத்தில் 'முட்டை சேராதது' என்ற அச்சு. பாலும் எண்ணெயும் ஊற்றினால் போதும். உங்கள் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. அதையே எடுத்தேன்.

பொன்னாயி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கோழிக்குத் தீவனம் கலக்கற கை கேக்குக் கலக்குது. ஊட்டுக்கு ஆராச்சும் வந்தா என்னன்னு சொல்றதுங்க?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய்தோறும் பரமத்தி வேலூருக்கு முட்டை ஏற்றிப்போகும் நம் டிரைவர் பச்சமுத்து இதைக் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பலாம்.

தங்கள் அன்புத் தம்பி,
நவநீதகிருஷ்ணன்


ஜேடர்பாளையம்
5.8.2024

தம்பி நவநீதனுக்கு,

அக்கா சென்னியம்மாள் எழுதிக்கொள்வது. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே ஆடிப்பெருக்குக் கூட்டம் இப்போதுதான் கலைந்தது. காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. மூட்டுவலி அப்படியே இருக்கிறது. மச்சானின் சர்க்கரை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது, மேல்நோக்கி.

நீ கடிதமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. காது இரண்டும் போன பிறகு போன் எனக்கு டார்ச் லைட்தான். எழுத்துச் செய்தியெல்லாம் மருமகள் மோனிஷாவின் போனுக்கு வருகிறது. நல்ல பெண், எனக்காகச் சத்தமாகப் படிப்பாள். அது எனக்குக் கேட்காது, தெருவுக்குக் கேட்கும்.

உன் பலகாரம் வந்தது. பொய் சொல்லும் வயது தாண்டிவிட்டதால் உள்ளதை எழுதுகிறேன். புண்ணாக்கு. மச்சான் ஒன்றைக் கடித்துவிட்டு, "எருமைக்கு வெக்கலாமான்னு உன்ற தம்பியவே கேட்டுச் சொல்லு" என்றார். நான் இரண்டு துண்டு தின்றேன், உன் முகத்துக்காக.

இருந்தாலும் பச்சைப் புள்ளி பார்த்து எடுத்தாய் பார், அது போதும் எனக்கு. சத்யபிரியா கல்யாணமாகி எட்டு வருஷம். அவள் வயிற்றில் ஒன்று தங்கும்வரை கறி, மீன், முட்டை வாயில் வைப்பதில்லை என்று குலதெய்வத்திடம் சொல்லி வருகிற தையோடு மூன்று வருஷம் முடிகிறது. அந்தச் சாமிக்கு வருஷாவருஷம் நாம் கிடா வெட்டுகிறோம். சாமி சாப்பிடும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற ஏற்பாடு. கார்த்திகையில் மறுபடி வைத்தியம் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை நிற்கும்.

பொன்னாயியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


எருமப்பட்டி
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மச்சானை நினைக்கும்போது எருமையும் கூடவே நினைவுக்கு வருகிறது.

புண்ணாக்கு என்ற சொல்லுக்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே மாதுளை மார்க் பெட்டி இன்னொன்று கடையில் வாங்கிச் செய்ததுதான் இத்துடன் வருகிறது. கொட்டகையில் முட்டை எடை குறைந்தால் தீவனத்தில் எதை மாற்றுவது என்று பார்ப்போம் இல்லையா, அதேபோல உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். இந்தப் பெட்டிகளில் இனிப்புக்குக் குறைவில்லை, உப்புதான் கிடையாது; ஒரு சிட்டிகை போட்டதும் கோகோ வாசனை எழுந்து உட்கார்ந்தது. எண்ணெயை விட்டுவிட்டு வெண்ணெயை உருக்கிச் சூடாக ஊற்றினேன். பாலில் பாதியைக் குறைத்துக் கெட்டியான காபி டிகாக்‌ஷன். காபி ருசி தெரியாது, கறுப்பு இன்னும் கறுப்பாகும். கலந்த மாவை அரை மணி நேரம் சும்மா விட்டேன். பெட்டியில் முப்பத்தைந்து நிமிடம் என்றிருக்கிறது. அது செங்கல் சூளைக்கான கணக்கு. இருபத்தைந்தாவது நிமிடம் குச்சி விட்டுப் பார்த்து, நுனியில் கொஞ்சம் ஈரம் ஒட்டும்போதே வெளியில் எடுத்துவிட்டேன். ஆறும்போது தானாக இறுகிக்கொள்கிறது.

கடைசியாக இன்னொரு சிறு மாற்றமும் உண்டு. அது பண்ணைக்காரனின் கைப்பழக்கம். விளக்கி எழுதும் அளவுக்குப் பெரிதல்ல.

மற்றபடி பெட்டியில் முட்டை சேராதது என்றுதான் அச்சடித்திருக்கிறது.

அன்புத் தம்பி,
நவநீதகிருஷ்ணன்


ஜேடர்பாளையம்
27.8.2024

சாமி நவநீதனுக்கு,

அக்காவின் ஆசி. உனக்கும் உன் ஓவனுக்கும் திருஷ்டி சுற்றிப் போடச் சொல் பொன்னாயியை.

இதுவா அதே பெட்டி? மேலே மெழுகுக் காகிதம் மாதிரி மினுமினுவென்று ஒரு தோல், தொட்டால் வெடிக்கிறது. உள்ளே பசைபோல ஈரம். போன பெட்டிக்கு இந்தத் தோலே இல்லையே. உப்பு போட்டதற்கா தோல் வந்தது? டிகாக்‌ஷனுக்கா?

உன் மச்சான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கீழே விழுந்துவிடும் என்று பயம். நான் ஒன்பது துண்டு எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். மூன்று வருஷமாக வாய்க்கு ருசியாக எதுவும் படவில்லையப்பா. அணைக்கட்டில் மீன் வறுக்கிற வாசனை தினமும் சாயங்காலம் காற்றில் ஊட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. வேண்டுதல் வாய்க்குத்தான், மூக்குக்கு இல்லை என்று இருந்துகொள்வேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதில் முட்டை இல்லைதானே? நீயே உன் கைப்பட ஒரு வரி எழுதிவிடு. பச்சமுத்துவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாதே, எனக்குக் கேட்காது.

அக்கா


எருமப்பட்டி
2.9.2024

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மாதுளை மார்க் பிரவுனி மாவு, கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

தங்கள் நிறுவனம் நாளும் வளர வாழ்த்தி எழுதுகிறேன்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கோழிப்பண்ணை நடத்துபவன். 'முட்டை சைவமே' என்ற தலைப்பில் இதுவரை பதினேழு மேடைகளில் பேசியிருக்கிறேன். என் கொட்டகையில் உள்ள இருபதாயிரம் கோழிகளில் ஒன்றுகூடச் சேவல் அல்ல. சேவல் முகமே பார்க்காத கோழி இடும் முட்டையில் உயிர் இல்லை. அதை எத்தனை நாள் அடைக்கு வைத்தாலும் குஞ்சு வராது. எனவே அது பாலைப்போலச் சைவம். இதற்கு நான் ஒவ்வொரு மேடையிலும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

தங்கள் பெட்டியில் சொன்னபடி செய்ததை என் அக்காவின் வீட்டில் புண்ணாக்கு என்றார்கள். அடுத்த முறை மற்ற மாற்றங்களோடு இரண்டு முட்டையும் உடைத்து ஊற்றினேன். பிரமாதமாக வந்தது. அக்கா தம் மகளுக்காக முட்டை சாப்பிடுவதில்லை என்று வேண்டுதல் எடுத்தவர். அவர் ஒன்பது துண்டு எடுத்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது, முட்டை இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறார்.

'முட்டை சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் சேர்க்க வேண்டாம்' என்று தாங்கள் பெட்டியிலேயே எச்சரித்திருக்கலாம். எச்சரிக்காததால் இந்த நிலைமை. எனவே, முட்டை சேர்த்த பிறகும் பெட்டியில் உள்ள பச்சைப் புள்ளி செல்லுபடியாகுமா என்பதையும், பண்ணை முட்டை சைவம் என்ற கருத்தைத் தங்கள் நிறுவனம் ஏற்கிறதா என்பதையும் தயவுசெய்து லெட்டர்ஹெட்டில் தெரிவிக்கவும். என் அக்காவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ந. நவநீதகிருஷ்ணன்


கோயம்புத்தூர்
19.9.2024

அன்பான வாடிக்கையாளருக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறோம். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.

பச்சைப் புள்ளி, நாங்கள் பெட்டிக்குள் அடைத்து அனுப்பும் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். பெட்டியைத் திறந்த பிறகு சேர்க்கப்படுபவற்றுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு. முட்டை சைவமா என்பது குறித்து நிறுவனத்துக்குக் கருத்து ஏதுமில்லை. மேற்படி உறவினருக்குத் தெரிவிப்பது தொடர்பாகவும் எங்களிடம் நடைமுறை எதுவும் வகுக்கப்படவில்லை.

தங்கள் ஆர்வத்தைப் பாராட்டி இரண்டு பெட்டிகள் இலவசமாக இணைக்கப்பட்டுள்ளன. இனிய பேக்கிங் அமையட்டும்.

பாலசுந்தரம்
வாடிக்கையாளர் சேவை


எருமப்பட்டி
24.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஒரு நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து இருந்தது.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஊரே பெருமாளுக்கு என்று முட்டையை நிறுத்திவிட்டதால் கொட்டகையில் அட்டை அட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. கோழிக்குப் புரட்டாசி தெரியாது. அது பாட்டுக்கு இடுகிறது. நேற்றுப் பொன்னாயி ஒரு முட்டை அட்டையைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்து, "கேட்ட கேள்விக்கு ஒத்த வரி எழுத இத்தன நாளாங்க? உங்கக்கா என்ன கொலக் குத்தமா கேட்டுப்போட்டாங்க?" என்றாள். பதினேழு மேடைகளிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவள் அவள்.

இத்துடன் இரண்டு பெட்டிகளில் செய்தது வருகிறது. முந்திரியை வறுத்து உடைத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட வரி: முட்டை இல்லை.

நவநீதகிருஷ்ணன்


ஜேடர்பாளையம்
28.10.2024

சாமி நவநீதனுக்கு,

தீபாவளிக்கு எல்லோரும் சௌக்கியமாக எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். எனக்குச் சளி பிடித்து இறங்கிவிட்டது. மச்சான் சுகம்.

உன் வரி வந்தது. அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை டப்பாவைத் திறக்கும்போதும் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். எழுதினவன் என் கூடப்பிறந்தவன், அவன் சொன்னால் சரி என்று சாமியிடமும் சொல்லிவிட்டேன்.

சத்யாவும் மாப்பிள்ளை தனபாலும் வந்திருந்தார்கள். கார்த்திகை ஏழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமாம். அவள் ரொம்ப இளைத்திருக்கிறாள். தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களாம். உன் பண்ணை முட்டைதான் பச்சமுத்து திருப்பூருக்குப் போகும்போது கொடுக்கிறார் என்றாள். அவள் தின்னட்டும். நான் விட்டது அவளுக்காகத்தானே.

கார்த்திகைக்குள் இன்னும் இரண்டு பெட்டி செய்து அனுப்பு. ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கிற நேரத்தில் எனக்குக் கைக்கு ஒன்று வேண்டும். வழக்கம்போலப் பச்சைப் புள்ளி பார்த்து. வழக்கம்போல ஒரு வரியும்.

அக்கா


ஜேடர்பாளையம்
12.1.2025

தம்பிக்கு,

கார்த்திகையில் நீ அனுப்பிய இரண்டு டப்பாவும் வந்தன. கடிதம் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சத்யாவுக்கு நிற்கவில்லை. ஐந்து வாரம் இருந்தது. இது மூன்றாவது தடவை. அவள் திருப்பூரில் இருக்கிறாள், யாரும் வர வேண்டாம் என்றுவிட்டாள். பொங்கலுக்கு நாங்கள் எதுவும் செய்யப்போவதில்லை.

எங்கே குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேனே, அதன் மேல்தோல் மாட்டு எலும்பில் செய்வதாம், மோனிஷா போனில் பார்த்துச் சொன்னாள். நிறுத்திவிட்டேன். ஐப்பசியில் சுப்பையன் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் ஊற்றிய கரண்டி முன்னால் எதில் இருந்ததோ. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒரு பிஸ்கட் கொடுத்தது, வாங்கித் தின்றேன், உறையைப் பார்க்கவில்லை. பேரன் பிறந்தநாளில் அவன் கன்னத்தில் ஒட்டிய கிரீமை விரலால் துடைத்தேன். துடைத்த விரலைத் துணியில் தேய்த்தேனா, வாயில் வைத்தேனா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. வைத்திருப்பேன். கை தானாகப் போகும் இல்லையா?

இதில் எது என்று தெரிந்தால் அதற்கொரு பரிகாரம் செய்துவிடலாம். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அக்கா


எருமப்பட்டி
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. உடல்நலம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்று அந்த முறைக்கு எனக்கு அருகதை இல்லை.

மாத்திரை இல்லை. கரண்டி இல்லை. பிஸ்கட் இல்லை. பேரனின் கிரீமும் இல்லை. இரண்டாவது டப்பாவிலிருந்து எல்லாவற்றிலும் முட்டை போட்டேன். முதலில் இரண்டு, புரட்டாசியில் தேங்கிக் கிடந்ததால் மூன்று. நீங்கள் கேட்ட அந்த மினுமினுத் தோல் அதனால் வருவது.

ஏன் செய்தேன் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். வேண்டுதலைக் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. புண்ணாக்கு என்றீர்கள், ரோஷம் வந்தது. அவ்வளவுதான் காரணம். அக்காவின் விரதத்தை விட ஒரு பலகாரத்தின் மேல்தோல் பெரிதாகப் போயிற்று எனக்கு. அறுபதை நெருங்குகிற ஒருவன் இதை எழுதிக் கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு நீங்கள் நன்றாக இருக்கிறது என்றீர்கள். அதன்பின் உண்மையைச் சொன்னால் டப்பா நின்றுவிடும், பாராட்டும் நின்றுவிடும். கார்த்திகையில் அனுப்பியவற்றில் மட்டுமாவது போடாமல் இருந்திருக்கலாம். போடாமல்தான் முதலில் செய்தேன். ருசி பார்த்தேன். அதைப் பச்சமுத்துவையே தின்னச் சொல்லிவிட்டு, உங்களுக்கு மறுபடி முட்டையோடு செய்தேன். அன்றைக்கு வரி எழுத மட்டும் கை வரவில்லை.

போன ஞாயிறு புதுச்சத்திரத்தில் பண்ணையாளர் கூட்டம். பதினெட்டாவது தடவையாக அதே தலைப்பில் பேச அழைத்தார்கள். சேவல் சேராத முட்டையில் உயிர் இல்லை என்று மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டு நின்றேன். இவ்வளவு சைவமான பொருளை அக்காவிடம் ஏன் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்று யாரோ கேட்டதுபோல இருந்தது. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் எழுந்து வந்து, "என்னங்கண்ணா, தொண்ட கட்டிக்கிச்சுங்களா?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது பொன்னாயி, "மேடையில பேச முடியாதவரு காயிதத்துலயாச்சும் பேசுங்க" என்றாள்.

பரிகாரம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் செய்கிறேன். இனிமேல் என் முகத்தில் விழிக்கக் கூடாது என்றாலும் சரி.

நவநீதன்


ஜேடர்பாளையம்
9.3.2025

நவநீதனுக்கு,

நான் இருக்கிறேன். மச்சானும் இருக்கிறார்.

அப்பா ஐந்நூறு கோழியோடு தொடங்கிய கொட்டகையில் பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை முட்டை பொறுக்கியவள் நான். எந்தப் பாத்திரத்தில் முட்டை உடைத்தார்கள் என்று கழுவி வைத்த பிறகும் சொல்வேன். இரண்டாவது டப்பாவைத் திறந்தவுடனேயே எனக்குத் தெரியும். மூடி வைத்துவிட்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு திறந்தேன்.

அதனால்தான் வரி கேட்டேன். நீ இல்லை என்று எழுதிவிட்டால் பாவம் எழுதினவன் தலையில், ருசி என் வாயில். அப்படி ஒரு கணக்குப் போட்டேன். உன் கடிதத்தைச் சாமிக்கு முன்னால் வைத்தது உன்னை நம்பி இல்லை, காட்டிக்கொடுக்க.

மார்கழிக் கடைசியில் எழுதிய கடிதத்தில் மாத்திரை, கரண்டி, பிஸ்கட் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தை நீ நிரப்புவாய் என்று விட்டு வைத்தேன். ஆறு வாரம் நீ பட்டபாடு எனக்குத் தெரியும். படட்டும் என்றுதான் இருந்தேன். இதை நினைக்கும்போது எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகவே நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சத்யாவிடம் கேட்க வேண்டியவர்கள். அவளிடம் எந்த வாயால் சொல்வது? பிள்ளை இப்போது இங்கேதான் வந்திருக்கிறாள்.

வேண்டுதலை மாசி வெள்ளியிலிருந்து முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். பழைய மூன்று வருஷம் கணக்கில் இல்லை. டப்பா அனுப்பாதே.

சென்னியம்மாள்


ஜேடர்பாளையம்
16.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சத்யபிரியா எழுதுகிறேன். உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீங்களும் அத்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் உடம்பு தேறிவருகிறது.

போன புதன்கிழமை அம்மா உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "படி அம்மணி. உன்ற மாமனும் நானுமாச் சேர்ந்து பண்ணுனது. உனக்குத் தெரியாம ஒன்னும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். படித்தேன். கோழித் தீவனம்போல நீங்கள் மாவை ஆராய்ந்த இடத்தில் சிரிப்பு வந்தது. நான் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது, அதற்கு நன்றி.

முடித்துவிட்டு அம்மாவிடம் போனேன். அவர் அம்மிமேல் உட்கார்ந்திருந்தார், அழவில்லை. என்னை நேரே பார்க்காமல், "திட்டீரு" என்றார். அவர் காதோடு சத்தமாகச் சொன்னேன்: "முட்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைம்மா. டாக்டர் காரணம் சொல்லியிருக்காரு." அவர் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் காலண்டரில் அன்றைய தேதிக்கு வட்டம் போட்டார். வேண்டுதல் மறுபடி தொடங்கி இன்றைக்குப் பத்து நாள்.

மாமா, நீங்கள் வெட்கப்பட்டு எழுதியதைப் படித்து, அம்மா சொன்னதையும் கேட்ட பிறகு நானும் ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் தனபாலும் பிப்ரவரியிலேயே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி வைத்தியம் இல்லை. நாலாவது தடவைக்கு என் உடம்பிலும் இடமில்லை, மனதிலும் இடமில்லை. இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. மாறாது. இதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

வந்த அன்றைக்கு அம்மா தட்டில் கீரையும் ரசமும் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவ ஒரு பிசகும் இல்லாம இருந்து காட்டறேன் பாரு" என்றார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அவர் வட்டம் போடும்போதும் பக்கத்தில்தான் நின்றேன். பேனா எழுதவில்லை என்று உதறினார். வேறு பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

எட்டு வருஷமாக என் பங்கு நம்பிக்கையையும் சேர்த்து அம்மாதான் சுமந்தார். அவர் விரதம் இருக்கிறவரை நான் நம்ப வேண்டியதில்லை என்று எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது நிறுத்துங்கள் என்று சொன்னால் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. சொல்லாவிட்டால், வராத ஒன்றுக்காக மீதி நாளெல்லாம் நாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிகிறவரை சொல்லப்போவதில்லை.

ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நம் உறவில் ஒவ்வொருவரையாக நினைத்துப் பார்த்தேன். மோனிஷா சத்தமாகப் படித்துவிடுவாள். அப்பாவுக்கு முகத்தில் தெரிந்துவிடும். கூடப்பிறந்த அக்கா கைப்படக் கேட்டும் ஆறு மாதம் ஒரு வார்த்தை வெளியில் விடாதவர் நீங்கள் ஒருவர்தான். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை மாமா, உண்மையாகவே எழுதுகிறேன். இந்தக் காரியத்துக்கு உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு இல்லை.

அம்மாவுக்கு எப்போதும்போல எழுதிக்கொண்டிருங்கள்.

சத்யபிரியா